நேபாளப் பூகம்பம் 2015: உதவி எங்கே தங்கியது, எங்கே போய்ச் சேர்ந்தது

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாள நேரப்படி முற்பகல் 11.56. கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்துக்கு அருகே மையம் கொண்டு 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. மே 12 அன்று தோலகா, சிந்துபால்சோக் மாவட்டங்களின் எல்லையை ஒட்டி 7.3 அளவில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். 22,000 பேர் காயமடைந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக இடிந்தன, இரண்டரை லட்சம் வீடுகள் பாதி சேதமாயின.

நேபாளத்தில் அப்போது வார விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் சரிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை. பகல் வேளை என்பதால் கிராமங்களில் பலர் வயலிலும் வாசலிலும் இருந்தார்கள். அதே அதிர்வு வேலைநாள் ஒன்றிலோ, நள்ளிரவிலோ வந்திருந்தால் கணக்கே வேறு.

இந்தப் பூகம்பத்தைப் பற்றி இரண்டு கதைகள் ஓடுகின்றன. உலகம் அள்ளிக் கொடுத்தது, நேபாள அரசு வீணாக்கியது என்பது ஒன்று. வெளிநாட்டு அமைப்புகள் தாங்களே தின்று தீர்த்தன என்பது மற்றொன்று. சொல்வதற்கு இரண்டும் சுலபம். ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஊரில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஓர் ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்ட உதவி வீடு வரை போனது. தன் ஏற்பாட்டைத் தானே தூக்கிவந்த உதவி பெரும்பாலும் காட்மாண்டுவிலேயே தங்கிவிட்டது.

முதல் நான்கைந்து நாட்கள்

அன்று நேபாளப் பிரதமர் நாட்டில் இல்லை. சுஷில் கொய்ராலா இந்தோனேசியாவிலிருந்து திரும்பும் வழியில் பாங்காக்கில் இருந்தார். நரேந்திர மோடியின் ட்விட்டர் பதிவைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது என்று அவருடைய வெளியுறவு அமைச்சரே பிறகு சொன்னார். சரி, தலைநகர்த் தொலைபேசிகள் செயலிழந்த நேரம் அது, அதற்காக யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்பதற்கு அது நல்ல முன்னுரை.

காட்மாண்டு நகரத்துக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் காஷ்டமண்டபம் என்ற மர மண்டபத்தில் அந்த நேரம் ரத்த தான முகாம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் அப்படியே சரிந்து, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சிலர் உள்ளேயே மாண்டார்கள். தோண்டி எடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள், ராணுவச் சிப்பாய்கள். பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் முழுக்க இதுதான் நடந்தது. கையும் மண்வெட்டியும்தான் கருவி.

இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படை சில மணி நேரத்திலேயே காட்மாண்டுவில் இறங்கிவிட்டது. சீனா, பாகிஸ்தான், பூடான், வங்கதேசம், இலங்கை என்று அண்டை நாடுகள் எல்லாம் ஓரிரு நாளில் வந்தன. அப்புறம் தூர தேசங்கள். மொத்தம் 76 வெளிநாட்டு மீட்புக் குழுக்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், மோப்ப நாய்கள், சுவரைத் துளைத்துக் கேட்கும் கருவிகள். இவர்கள் உயிரோடு மீட்டது 16 பேரை.

இந்த எண்ணைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இத்தகைய குழுக்களின் பயிற்சி பெரும்பாலும் கான்கிரீட் கட்டடங்களுக்கானது. கான்கிரீட் பலகை சாய்ந்து விழும்போது அடியில் காற்று நிற்க இடம் கிடைக்கும், அங்கே ஆள் சில நாள் உயிரோடு இருக்க முடியும். நேபாள மலைக் கிராமத்து வீடு கல்லையும் மண்ணையும் அடுக்கிக் கட்டியது. அது விழுந்தால் இடைவெளியே மிஞ்சாது. புழுதியிலேயே மூச்சு அடைத்துவிடும். முதல் சில மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துப் போட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எவ்வளவு வேகமான விமானமும் அந்த நேரத்துக்குள் சிந்துபால்சோக் போய்ச் சேராது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 3,500-க்கும் மேல்.

காட்மாண்டுவின் கோங்கபு பகுதியில் ஐந்தாம் நாள் 15 வயதுப் பையன் ஒருவன் இடிபாட்டிலிருந்து உயிரோடு வந்தான். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டிய காட்சி அது. அது பலமாடிக் கான்கிரீட் கட்டடம். நேபாள ஆயுதப்படைக் காவலர்கள் தோண்ட, அமெரிக்கக் குழு துணைக்கு நின்றது. இருவரும் சேர்ந்தபோது நடந்த வேலை என்பதைக் கவனிக்கலாம். மே முதல் வாரத்தில் நேபாள அரசு வெளிநாட்டு மீட்புக் குழுக்களைக் கிளம்பச் சொல்லிவிட்டது. இந்திய ஊடகங்களில் அது அவமதிப்பு என்று பேசப்பட்டது. உண்மையில் மீட்பு முடிந்து நிவாரணம் தொடங்க வேண்டிய கட்டம் அது, சொன்னதில் தவறில்லை.

ஊடகம் என்றதும் ஒரு வார்த்தை. இந்தியப் படைகள் செய்த வேலையை நேபாளத்தில் யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உறவுகளை இழந்து நிற்பவர் முகத்தில் மைக்கை நீட்டி ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டதும், நிவாரணத்தையே இந்தியாவின் வெற்றி விழாபோல ஒளிபரப்பியதும் ஒரு வாரத்தில் வெறுப்பைக் கொண்டுவந்தன. மே 3 அன்று ‘இந்திய ஊடகமே வீட்டுக்குப் போ’ என்ற ட்விட்டர் முழக்கம் பரவியது. சில மாதங்களில் இந்திய-நேபாள எல்லை அடைபட்டபோது இந்தக் கசப்பும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஒற்றை ஓடுபாதை

நேபாளத்தில் அப்போது பன்னாட்டு விமான நிலையம் ஒன்றே ஒன்று, திரிபுவன். அதற்கு ஓடுபாதையும் ஒன்று. நிவாரண விமானங்கள் வானில் வட்டமடித்துக் காத்திருந்தன. இடமில்லாமல் திரும்பிப் போனவையும் உண்டு. கனத்த விமானங்கள் இறங்கி இறங்கித் தார் பெயர்ந்ததால், மே 3-இல் 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தடை போட்டார்கள். பெரிய விமானத்தில் வர வேண்டிய சரக்கு சிறிய விமானங்களுக்கு மாற வேண்டியதாயிற்று.

இந்த நெரிசல் முன்பே எதிர்பார்த்ததுதான். பூகம்பத்துக்கு ஒரு மாதம் முன்பு, அதாவது மார்ச் 2015-இல், பிரிட்டனின் நிதியுதவியோடு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அந்த விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு நிவாரணச் சரக்குத் தளத்தைத் திறந்திருந்தது. சரக்கை இறக்க, பிரிக்க, அனுப்ப இடம், கொட்டகை எல்லாம் தயாராக இருந்தன. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரம் இன்னும் மோசமாகியிருக்கும். பேரிடருக்கு முன் செலவழித்த பணம் இது. ஆனால் இதற்கெல்லாம் செய்தியில் இடம் கிடைப்பதில்லை.

ஓடுபாதையைத் தாண்டினால் சுங்கம். வழக்கமான நாளில் செய்வதைப் போலவே ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதிப்பதாக ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் ஜேமி மெக்கோல்ட்ரிக் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். கூடாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் வரிவிலக்கு வரவே சில நாட்கள் ஆயின. நேபாள நிதியமைச்சர் ராம் சரண் மகத்தின் பதில்: சூரை மீனும் மயோனைஸும் வருகின்றன, எங்களுக்கு அதனால் என்ன பயன், தானியமும் உப்பும் சர்க்கரையும் வேண்டும். இரண்டு பேர் சொன்னதும் நியாயமே. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்து மட்கிய பழந்துணிகளைப் பார்த்தவர்களுக்கு மகத்தின் எரிச்சல் புரியும்.

பிரிட்டன் மூன்று சினூக் ஹெலிகாப்டர்களை அனுப்பியது. அவற்றின் விசிறிக் காற்றே அரைகுறையாய் நிற்கும் வீடுகளைத் தள்ளிவிடும் என்று நேபாளம் தயங்க, அவை நேபாளத்துக்குள் வராமலேயே திரும்பின. தைவானின் மீட்புக் குழு வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அருகிலேயே சீனா இருக்கும்போது அதற்குக் காரணம் கேட்கவே தேவையில்லை. ஆனால் பறந்த ஹெலிகாப்டர்களின் விலையும் கொடியது. மே 12-இல் நிவாரணப் பணியிலிருந்த அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று மலையில் மோதி, ஆறு அமெரிக்க வீரர்களும் இரண்டு நேபாள வீரர்களும் இறந்தார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நம்பிக்கையைக் கெடுத்தது பணம் பற்றிய ஒரு அறிவிப்பு. நிவாரணத்துக்கென்று புதிதாகத் திறக்கும் வங்கிக் கணக்குகளில் சேரும் பணம் பிரதமரின் பேரிடர் நிவாரண நிதிக்குப் போகும் என்றது அது. போலி வசூலைத் தடுப்பதுதான் நோக்கம் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். கெட்டது கெட்டதுதான். வெளிநாடுகளில் வசூல் செய்துகொண்டிருந்த நேபாளிகள் மிரண்டு, பணத்தை வேறு வழியில் அனுப்பத் தொடங்கினார்கள்.

சானேபாவின் விருந்தினர் விடுதி

காட்மாண்டுவை ஒட்டிய லலித்பூரின் சானேபா பகுதியில் ‘யெல்லோ ஹவுஸ்’ என்றொரு சின்னத் தங்கும் விடுதி. பூகம்பத்துக்கு மறுநாளிலிருந்தே அது இளைஞர்களின் நிவாரண அலுவலகமாகிவிட்டது. யாரிடம் ஜீப் இருக்கிறது, எந்தக் கிராமத்துக்குத் தார்ப்பாய் போகவில்லை, அங்கே அறிமுகமானவர் யார் என்று முகநூலில் விசாரித்து, லாரியில் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றி அனுப்பினார்கள். முத்திரையும் கிடையாது, ஒப்புதல் படிவமும் கிடையாது.

இவர்களுக்கு வழி காட்டிய வரைபடங்களுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. காட்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு 2013-இலிருந்தே தலைநகரின் தெருக்கள், பள்ளிகள், மருத்துவமனைகளை, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவு செய்துவந்தது. பூகம்பம் வந்ததும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து மலைப் பாதைகளையும் வீடுகளையும் வரைந்து தள்ளினார்கள். ராணுவமும் செஞ்சிலுவைச் சங்கமும் அதைப் பயன்படுத்தின. ஊருக்கு வராமலேயே செய்த வெளிநாட்டு உதவி இது. அடித்தளம் போட்டது உள்ளூர்க்காரர்கள் என்பதால்தான் அதற்குப் பொருள் இருந்தது.

உலக உணவுத் திட்டமும் ஒரு கட்டத்தில் இதே பாடத்துக்கு வந்தது. சாலையே இல்லாத கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது. பூகம்பத்தால் மலையேற்றப் பருவம் போய், வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களையே ஆயிரக்கணக்கில் கூலிக்கு அமர்த்தி, கோவேறு கழுதைகளையும் சேர்த்து, இடிந்த பாதைகளைச் சீராக்கிக்கொண்டே அரிசியும் தகரமும் மேலே போயின. உதவியும் போனது, கூலியும் அந்த மலைக்காரர்கள் கையிலேயே நின்றது. இந்தப் பூகம்பத்தின் சர்வதேச உதவியில் ஒன்றைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இளைஞர் குழுக்களைப் புகழ்ந்தே முடித்துவிட முடியாது. ஜீப் போகும் வரைதான் அவர்களால் போக முடிந்தது. சாலையோரக் கிராமத்துக்கு நான்கு முறை நூடுல்ஸ் வந்தது, மேலே இரண்டு மணி நேர நடையில் இருந்த கிராமத்துக்கு ஒன்றும் வரவில்லை. கொடுத்தவரின் படம் முகநூலில் ஏறியது. பசித்த கிராமத்தார் லாரிகளை வழிமறித்த சம்பவங்களும் நடந்தன.

லாங்டாங் பள்ளத்தாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் லாங்டாங் கிராமத்தை ஒட்டுமொத்தமாக மூடிவிட்டன. கிராமத்தாரும் மலையேற வந்தவர்களுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைத்தவர்களை ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். சுயம்பு குன்றுக்கு அருகிலுள்ள மஞ்சள் கோம்பா என்ற பௌத்த மடத்தின் வளாகத்தில் மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தார்கள். அங்கேயே தங்களுக்கு ஒரு குழு அமைத்துக்கொண்டு, இறந்தவர் பட்டியல், சடங்குகள், வந்த பணத்தைப் பங்கிடுவது, திரும்பிப் போவது எப்போது என்பதை எல்லாம் தாங்களே முடிவு செய்தார்கள். பழைய நண்பர்களான மலையேற்றக்காரர்கள் பல நாடுகளிலிருந்து அனுப்பிய பணம் நேராக அந்தக் குழுவிடம் வந்தது. எல்லாக் கிராமத்துக்கும் இப்படி வெளிநாட்டு நண்பர்கள் வாய்ப்பார்களா? சிந்துபால்சோக்கின் தமாங் இனத்தவர் கிராமங்களுக்கு வாய்க்கவில்லை.

யார் பெயர் எழுதினார்கள்

பூகம்பத்துக்கு முன் நேபாளத்தில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 1997-இல். மாவோயிஸ்ட் போர், பிறகு அரசியல் சட்ட இழுபறி. 2015-இல் எந்தக் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது. ஒரு செயலாளர் இருப்பார், அவரும் பல இடங்களில் மாவட்டத் தலைநகரில்தான் இருப்பார். அவரைச் சுற்றி எல்லாக் கட்சிகளின் உள்ளூர் ஆட்கள்.

நிவாரணப் பட்டியல் இவர்கள் கையில் இருந்தது. வீடு முழுதாக இடிந்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. அட்டை இருந்தால் தற்காலிகக் கொட்டகைக்கு 15,000 நேபாள ரூபாய், பிறகு குளிருக்கு 10,000. அட்டைக்காக அண்ணன் தம்பி தனிக் குடும்பம் என்று பதிந்துகொண்டதும் உண்டு, இடிந்த வீட்டோடு விடுபட்டவர்களும் உண்டு. தலித் குடியிருப்புகளுக்கு நிவாரணம் கடைசியில் வந்தது, அல்லது வரவே இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. இடிபாட்டில் ஒன்றாகத் தோண்டிய ஊர், வரிசை என்று வந்ததும் பழையபடி பிரிந்து நின்றது.

வீட்டு மானியத்துக்கு நிலப்பட்டா வேண்டும். நேபாளத்தில் அதை லால்பூர்ஜா என்பார்கள். கிராமத்துப் பெண்களில் எத்தனை பேர் பெயரில் அது இருக்கும்? கணவர் வளைகுடாவில், மாமனார் இறந்துவிட்டார், பட்டா இடிபாட்டுக்குள் என்ற நிலையில் அலைந்தவர்கள் ஏராளம். குத்தகை நிலத்தில் பல தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்குப் பட்டாவே கிடையாது.

440 கோடி டாலரும் ஒரு குளிர்காலமும்

சேதமும் இழப்பும் சேர்த்து சுமார் 700 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். ஐ.நா. கேட்ட அவசர நிதி 42 கோடி டாலரை ஒட்டி. இரண்டு வாரம் ஆகியும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை. பிறகு ஜூன் 25-இல் காட்மாண்டுவில் நன்கொடை நாடுகளின் மாநாடு. அங்கே வாக்களித்தது 440 கோடி டாலர். இந்தியா மட்டும் 100 கோடி, சீனா சுமார் 48 கோடி, அப்புறம் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜப்பான். தலைப்புச் செய்திகள் சொல்லாமல் விட்டது: இதில் ஏறக்குறைய பாதி கடன்.

பணத்தைச் செலவழிக்க ஒரு ஆணையம் வேண்டும். அவசரச் சட்டத்தில் அமைத்தார்கள், நாடாளுமன்றம் உரிய நாளுக்குள் ஒப்புதல் தராததால் அது காலாவதியானது. தலைமைப் பதவி யார் கட்சிக்கு என்பதில் சண்டை. புனரமைப்பு ஆணையத்துக்கு முறையான சட்டமும் தலைவரும் வந்தது டிசம்பரில். அதற்குள் மழைக்காலம் முழுசாகப் போயிருந்தது. செப்டம்பர் 20-இல் புதிய அரசியல் சட்டம் அறிவித்தார்கள். தெற்குச் சமவெளி மதேசிகள் எதிர்த்துப் போராட, எல்லை அடைபட்டது. நேபாளம் இந்தியாவைக் குற்றம் சாட்டியது, இந்தியா மறுத்தது. பிப்ரவரி வரை பெட்ரோல், சமையல் வாயு, மருந்து எல்லாம் தட்டுப்பாடு. நிவாரண லாரிகளுக்கும் டீசல் இல்லை. மலை மாவட்டங்கள் அந்தக் குளிர்காலத்தைத் தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் அடியில் கழித்தன.

வீட்டு மானியத்தின் முதல் தவணை 2016 மார்ச்சில்தான் தொடங்கியது. முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்றார்கள், பிறகு 3 லட்சமாக்கினார்கள். மூன்று தவணை: 50,000, ஒன்றரை லட்சம், ஒரு லட்சம். ஒவ்வொன்றுக்கும் முன் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடித்தளம், குறுக்குப் பட்டை, மூலைக் கம்பி எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும் என்பது நல்ல நிபந்தனை. அதனால் கட்டிய வீடுகள் பழையவற்றைவிட உறுதி. ஆனால் மலை மேல் சிமெண்ட் மூட்டையைக் கொண்டுசேர்க்கும் கூலியே மூட்டை விலையை எட்டும் இடத்தில் 3 லட்சம் எந்த மூலைக்கு? கந்து வட்டிக்கு வாங்கினார்கள். தவணை போய்விடக் கூடாதே என்று ஒரே அறை வீடுகளைக் கட்டினார்கள். பல இடங்களில் அந்த அறை தானியக் கிடங்கானது, குடும்பம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்தது.

அந்த வருடம் முழுக்க மலைக் கிராமங்களைத் தாங்கியது எந்த மாநாட்டிலும் பேசப்படாத பணம். மலேசியா, கத்தார், சவூதி போன்ற வெளிநாடுகளில் வேலை செய்த நேபாளிகள் அந்த ஒரு நிதியாண்டில் அனுப்பியது 60,000 கோடி நேபாள ரூபாய்க்கும் மேல். நன்கொடை நாடுகள் பல வருடங்களுக்கென வாக்களித்த தொகையோ சுமார் 44,000 கோடி. பணம் அனுப்பிய அந்தத் தொழிலாளர்களில் பலருக்குச் சாவு வீட்டுக்கு வரவே விடுப்பு கிடைக்கவில்லை. கத்தாரில் உலகக் கோப்பைக் கட்டுமானத்தில் இருந்தவர்களைப் பற்றி நேபாளத் தொழிலாளர் அமைச்சரே வெளிப்படையாக முறையிட்டார். இன்னொரு பக்கம், இளைஞர்கள் வெளிநாட்டில் என்பதால் கொத்தனார் கிடைக்கவில்லை. அதனால்தான் பெண்களுக்கும் கொத்து வேலைப் பயிற்சி தர வேண்டிவந்தது. பிள்ளைப்பேறு பார்த்த கை செங்கல்லும் அடுக்கும் என்று நிரூபித்தார்கள்.

மண்டபமும் கோயில்களும்

காஷ்டமண்டபத்தை ஒப்பந்ததாரர் மூலம் கட்ட மாநகராட்சி முயன்றபோது உள்ளூர்க்காரர்கள் தடுத்தார்கள். டர்ஹாம் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பூகம்பத்தில் சேதமடையவே இல்லை என்று தெரிந்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே, மரபு முறையில், உள்ளூர்க் குழுவின் பொறுப்பில் மண்டபம் மீண்டும் எழுந்தது.

காட்மாண்டுவுக்கு அருகிலுள்ள பழைய கோயில் நகரமான பக்தபூர் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெர்மனி தர முன்வந்த நிதியின் நிபந்தனைகளில் ஆலோசகர், ஒப்பந்தம் என்றிருப்பதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது நகராட்சி. அந்தந்தத் தெருவின் பயனாளர் குழு, தங்கள் ஊர்த் தச்சர், நகராட்சி நிதி. வேலை வேகமாகவும் செலவு குறைவாகவும் முடிந்தது. ஆனால் பக்தபூருக்குச் சுற்றுலா நுழைவுக் கட்டணம் என்ற வருமானம் இருக்கிறது. ரசுவா மாவட்டத்தின் மலைக் கிராமம் இதைப் பார்த்து உதவியை மறுக்க முடியாது.

ஜாஜர்கோட், 2023

புனரமைப்பு ஆணையம் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. 2023 நவம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் மாவட்டமும் மேற்கு ருகும் மாவட்டமும் அதிர்ந்தன. 2015-ஐவிட மிகச் சிறிய அதிர்வு, ஆனால் எல்லாரும் உறங்கும் நேரம். 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறக்குறைய பாதி குழந்தைகள். அதே கல்-மண் வீடுகள்தான்.

இந்த முறை தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சிகள் இருந்தன, பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையமும் இருந்தது. வெளிநாட்டுத் தேடல் குழுக்களை வரவழைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. நிவாரணம் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் என்று அரசு சொன்னது. தற்காலிகக் கொட்டகைக்கு 50,000 ரூபாய், இரண்டு தவணையாக. பணம் வந்து கொட்டகை எழும்புவதற்குள் குளிர் முந்திக்கொண்டது. தார்ப்பாய்க்குள் முதியவர்களும் கைக்குழந்தைகளும் குளிரில் இறந்த செய்திகள் டிசம்பரில் வந்தன. பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் இந்த முறையும் இருந்தார்கள். போய்க் கேட்பதற்கு வார்டு அலுவலகத்தில் தாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது 2015-இல் சிந்துபால்சோக்கில் இல்லாதது.